பரங்கிப்பேட்டை யாருடைய பேட்டை?

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிக் கிழக்கே ஓடுகின்ற வெள்ளாற்று நீர் எங்கே போகிறது என்று கேட்டால், கடலுக்குப் போகிறது என்று பள்ளிச் சிறுவனும் பதில் சொல்வான். போகிற வழியிலே ஒரு துறைமுகத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது என்று சொல்வார் உண்டா? இல்லை. தொடுவதற்கு அங்கே துறைமுகம் இல்லை!

இருந்தது. அந்தத் துறைமுகத்தின் பெயரால் பொன் நாணயம் புழங்கியது. அதன் பெயரை மலேயாக் கரையிலும் சுமத்திராக் கரையிலும் வணிகர்கள் அறிந்திருந்தார்கள். போர்ச்சுகீசியன் வந்தான், டச்சுக்காரன் வந்தான், ஆங்கிலேயன் வந்தான். வந்தவர் ஒவ்வொருவரும் அந்த ஊரிலே பண்டகசாலை கட்ட ஓர் இடம் கிடைக்காதா என்று ஆட்சியாளர் வாயிலிலே காத்து நின்றார்கள். இன்று அவ்வூருக்குப் பேருந்தில் போகிறவர், சிதம்பரத்திலிருந்து எத்தனை நிமிடம் என்று மட்டுமே கேட்கிறார். பரங்கிப்பேட்டையைத்தான் சொல்கிறோம்.

வெள்ளாறு நம்முடைய ஆறு. சேலத்துப் பக்கத்து மலைகளிலே தோன்றும் வசிட்ட நதியும் கொல்லிமலையிலே தோன்றும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகி, விருத்தாசலத்தைச் சுற்றிவரும் மணிமுத்தாற்றைக் கூடலையாற்றூரிலே சேர்த்துக்கொண்டு, சேத்தியாத்தோப்புக்கு வந்து, புவனகிரியைக் கடந்து, பரங்கிப்பேட்டையிலே கடலில் விழுகிறது. மலையின் இரும்பும், நடுநாட்டு நெல்லும், புவனகிரித் தறியும், கடலின் கப்பலும் ஒரே நீர்க்கோட்டில் கோத்துக் கிடந்தன. ஆற்று முகத்திலே துறைமுகம் எழுந்ததில் வியப்பில்லை. எழுந்தது ஏன் விழுந்தது என்பதே கேள்வி.

அந்த ஊருக்குத்தான் எத்தனை பெயர்! கிருஷ்ணப்பட்டினம் என்று ஒரு பெயர். முகமதியர் ஆட்சியிலே மகமூது பந்தர் என்று ஒரு பெயர். போர்ச்சுகீசியர் இட்டது போர்ட்டோ நோவோ. 'புதிய துறைமுகம்' என்று பொருள். வந்தவனுக்குத்தான் அது புதிது! அவனைப் பரங்கி என்று அழைத்த நம் மக்கள், அவன் குடியிருந்த பேட்டையைப் பரங்கிப்பேட்டை என்றார்கள். பெயர் சூட்டியவர்களெல்லாம் போய்விட்டார்கள். பரங்கி என்ற சொல் மட்டும் ஊர்ப்பலகையிலே நிற்கிறது.

1597-ஆம் ஆண்டு. செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கரைக் காண நிக்கோலஸ் பிமென்டா என்ற ஏசு சபைப் பாதிரியார் வருகிறார். பார்த்ததை எழுதி வைக்கிறார். இரண்டு செய்திகள் அவர் எழுத்திலே அருகருகே கிடக்கின்றன. ஒன்று, வெள்ளாற்றின் முகத்திலே நாயக்கர் புதிதாக ஒரு பட்டினம் எழுப்பிக்கொண்டிருந்தார் என்பது. மற்றொன்று, சிதம்பரம் கோவிலுக்குள்ளே கோவிந்தராசர் சன்னதியைப் புதுப்பிக்க அவர் முனைந்தபோது, எதிர்த்த அர்ச்சகர்கள் கோபுரத்திலிருந்து குதித்து மாண்டார்கள் என்பது. எந்தச் சாமிக்கு எந்த மூலை என்ற வழக்கிலே உயிர்கள் போய்க்கொண்டிருந்த அதே நாளிலே, கூப்பிடு தூரத்திலே கடல் வாணிகத்துக்குக் கால்கோள் நடந்திருக்கிறது. சன்னதி வழக்கு நீதிமன்றப் படிக்கட்டு வரை வந்து இன்றும் பேசப்படுகிறது. பட்டினத்தைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

அந்தப் பட்டினத்தை வாழ வைத்தவர்கள் மரைக்காயர்கள். மரக்கலத்தால் வந்த பெயர் அது என்பார்கள். கடல் தாண்டினால் தீட்டு என்று ஒரு கூட்டம் சாத்திரம் பேசிக்கொண்டிருந்த நாட்டிலே, இந்தத் தமிழ் முசுலிம்கள் பாய் விரித்து அச்சைக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் போய் வந்தார்கள். போகும்போது துணி, வரும்போது பாக்கும் மிளகும் தகரமும். அவுரிச் சாயம் ஏற்றிய பரங்கிப்பேட்டை நீலத்துணிக்குத் தனிப்பெயர். அந்தத் துணி ஊர் ஊராகத் தறிகளிலே நெய்யப்பட்டுத் தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும் துறைக்கு வந்தது. ஒரு கப்பல் கிளம்ப வேண்டுமானால் எத்தனை தறி ஆடியிருக்க வேண்டும், எத்தனை சாயத்தொட்டி நிறைந்திருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள்! துறைமுகம் என்றால் கடற்கரையில் நிற்கும் நாலு கட்டடம் அன்று. உள்நாட்டிலே நூறு ஊர்களின் அடுப்பெரிவது.

'பரங்கிப்பேட்டை வராகன்' என்றொரு பொன் நாணயம் சோழமண்டலக் கரை முழுவதும் செல்லுபடியானது. ஓர் ஊரின் பெயர் காசின் பெயராகிறது என்றால், அவ்வூரின் சொல்லுக்குக் கடைத்தெருவிலே மதிப்பிருந்தது என்று பொருள்.

இந்த ஊரின் மகனொருவரைத் தேட நீங்கள் பினாங்கு வரை போகவேண்டும். 1786-இல் ஆங்கிலேயர் அத்தீவிலே குடியேற்றம் அமைத்தபோது அங்கே முன்னணியிலே நின்ற வணிகர்களில் ஒருவர் காதர் முகைதீன் மரைக்காயர், பரங்கிப்பேட்டைக்காரர், கப்பல் உடையவர். தமிழ் முசுலிம்களின் தலைவராக, 'கப்பித்தான் கெலிங்' என்ற பட்டத்தோடு அமர்த்தப்பட்டவர். 1801-இல் அவர் முன்னின்று எழுப்பிய பள்ளிவாசல் அந்தப் பட்டத்தின் பெயரிலேயே இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். அவரை அனுப்பிய துறையைப் படம் எடுக்க வருவார் யார்?

இனி வீழ்ச்சிக்கு வருவோம்.

வெள்ளாற்று வாய் மணலால் அடைந்தது, கப்பல் வரமுடியவில்லை, துறைமுகம் அழிந்தது. இப்படி இரண்டே வரியிலே கதையை முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இயற்கையின் செயலாம், யாரையும் குறை சொல்வதற்கில்லையாம்!

மணல் வந்தது உண்மைதான். கிழக்குக் கரையிலே மணல் எங்கேதான் வரவில்லை? சென்னையைப் பாருங்கள். அங்கே குடா இல்லை. வெறும் திறந்த கரை. அலை அடித்து நொறுக்கும் கரை. மசூலாப் படகிலே ஏறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரை சேரவேண்டிய ஊர். அங்கே 1876-இல் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரிலே புயல் வந்து அதைத் தகர்த்தது. விட்டுவிட்டார்களா? மீண்டும் கட்டினார்கள். மணல் வந்து வாயிலை அடைத்தது. விட்டுவிட்டார்களா? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வாயிலையே வடகிழக்குப் பக்கம் திருப்பி வைத்தார்கள். தடுத்து நிறுத்திய மணல் பரந்து கிடக்கிற அழகைத்தான் மெரினா என்று காற்று வாங்கி மகிழ்கிறோம். ஆகவே மணல் துறைமுகத்தைக் கொல்வதில்லை, தோழர்களே. இந்தத் துறைமுகம் வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்யும் இடத்திலே உட்கார்ந்திருப்பவன் 'வேண்டாம்' என்று சொன்னால், அப்போது மணல் தன் வேலையை முடிக்கிறது. அவ்வளவுதான்.

பரங்கிப்பேட்டைக்கு 'வேண்டாம்' என்று சொன்னவர்கள் பலர்.

செஞ்சியில் ஆட்சி கைமாறியது. நாயக்கரிடமிருந்து பீசப்பூருக்கு, 1677-இல் மராட்டியருக்கு, 1698-இல் மொகலாயருக்கு. ஒவ்வொரு மாற்றத்திலும் துறைமுகத்துச் சுங்கம் யாருக்கு என்பதே வழக்கு. துறைமுகத்துக்கு என்ன செய்தோம் என்பது யாருக்கும் வழக்கன்று. 1680-களிலே டச்சுக்காரரும் ஆங்கிலக் கும்பினியாரும் இங்கே காலூன்றினார்கள். ஆனால் கும்பினியார் 1690-இல் சற்று வடக்கே தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கிவிட்டார்கள். வாங்கிய முறை வேடிக்கையானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் அவர்களுக்கு என்பது பேச்சு! சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டார்கள். 'குண்டுக் கிராமங்கள்' என்று அந்த ஊர்களுக்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. அன்றைக்கே கும்பினியின் கண் கடலூரிலே விழுந்தது. கோட்டை அங்கே, கொடி அங்கே, ஆகவே கப்பலும் அங்கே.

பிறகு வந்தது போர். 1780-இல் ஐதர் அலியின் படை கர்நாடகப் பகுதியிலே இறங்கியபோது பரங்கிப்பேட்டை சூறையாடப்பட்டது. மறு ஆண்டு சூன் திங்களில், ஐதரின் வீரர்கள் காத்து நின்ற சிதம்பரம் கோவிலை ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கிப் பார்த்துத் தோற்றுத் திரும்பினான். ஆம், கோவில் அன்று கோட்டை! பின்வாங்கிய கூட் பரங்கிப்பேட்டைக்கு ஏன் வந்தான்? கடல்வழியே அவனுக்குச் சோறு வரும் என்பதால். 1781 சூலை முதல் நாள், கடலூர்ப் பாதையை மறித்து நின்ற ஐதரின் பெரும்படைக்கும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் கொண்ட கூட்டின் படைக்கும் போர். கூட் வென்றான். தென்னாட்டிலே வெள்ளையன் ஆட்சி நிலைக்கக் காரணமான போர்களில் ஒன்றென்று வரலாற்று நூல்கள் அதைப் புகழும். வென்றவனுக்குச் சோறு கொடுத்த துறைமுகம் என்னவாயிற்று என்பதற்கு அந்த நூல்களிலே இடம் இருக்காது. வணிகர் கலைந்தார்கள். தறிகள் நின்றன. டச்சுக்காரரிடம் மிஞ்சியிருந்ததும் 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது. அதற்குள்ளே இலங்காசயர் ஆலைத்துணி கடலெங்கும் புறப்பட்டுவிட்டது. நீலத்துணி போன வழியிலே வெள்ளையன் துணி திரும்பி வந்தது.

இத்தனைக்கும் பிறகு அந்த ஊர் எழுந்து நிற்க இன்னொரு வாய்ப்பும் வந்தது. அந்தக் கதையைத்தான் நம்மவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம்.

சோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். கும்பினி உத்தியோகத்தை உதறிவிட்டு, சேலத்து இரும்புக்கல்லைக் கண்டு மயங்கி, 1830-இல் பரங்கிப்பேட்டையிலே ஊதுலை எழுப்பினார். இந்தியாவிலே மேல்நாட்டு முறையில் பெரிய அளவில் இரும்பு காய்ச்சிய முதல் தொழிற்கூடம் அதுதான். டாட்டாவின் சாம்செட்பூர் உலை எரியத் தொடங்கியது 1911-இல். அதற்கு எண்பது ஆண்டுகள் முன்னே வெள்ளாற்றங்கரையிலே இரும்பு உருகி ஓடியது! சேலத்துக் கல், தென்னாற்காட்டுக் காட்டு மரக்கரி, வெள்ளாற்று முகத்துக் கப்பல். அந்த இரும்பு கடல் தாண்டி செபீல்டு நகரத்துக்குப் போயிற்று. வேல்சு நாட்டிலே மேனாய் நீரிணைமீது 1850-இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்திலும் பரங்கிப்பேட்டை இரும்பு சேர்ந்தது என்பது அந்நாளைய குறிப்பு.

ஹீத் நம்முடைய கொல்லர்களின் உருக்கைக் கண்டு வியந்தவர். எகிப்து நாட்டுக் கற்றூண்களில் எழுத்து வெட்டிய உளிகள் இந்திய உருக்கால் ஆனவையாக இருக்கவேண்டும் என்றுகூட எழுதினார். அது ஊகம், நாம் அதைப் பிடித்துக்கொண்டு மார்தட்ட வேண்டியதில்லை. மார்தட்டாமலே சொல்லத்தக்க உண்மை ஒன்று உண்டு. துருத்தியும் மண்குகையும் வைத்துக்கொண்டு நம்மூர்க் கொல்லன் காய்ச்சிய உருக்கைப் போலத் தாங்களும் காய்ச்சவேண்டும் என்று செபீல்டுக்காரர் ஆராய்ந்து பார்த்தார்கள்.

உலை ஏன் அணைந்தது? பொறிகள் நம் நாட்டு நிலைமைக்கு ஒத்துவரவில்லை. மரக்கரிக்காகக் காடுகள் தொலைவு தொலைவாகப் போய்க்கொண்டே இருந்தன. பணம் போதவில்லை. கும்பினி கடன் கொடுத்தது. கடனைக் கணக்குப் பார்த்தது. உலோகத் தொழில் ஒன்று இந்த மண்ணிலே வேரூன்ற வேண்டும் என்ற நினைப்பு மட்டும் அதற்கு இல்லை. இருக்குமா? இரும்பு விற்க வந்தவன், இரும்பு செய்ய நமக்குக் கற்றுக்கொடுப்பானா? ஹீத் சீமைக்குத் திரும்பி, உருக்கிலே மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். செபீல்டு முதலாளிகள் அந்த முறையை எடுத்துக்கொண்டு அவருக்கு உரிய பணத்தைக் கொடுக்காமல் வழக்காடினார்கள். 1851-இல் அவர் செத்தார். 1853-இல் வேறொரு கும்பினி உலையை எடுத்து நடத்திப் பார்த்தது. 1874-க்குள் அந்த முயற்சியும் ஓய்ந்தது.

அதே 1870-களிலே இரயில் வந்தது. கடலூரையும் சிதம்பரத்தையும் இணைத்துத் தண்டவாளம் ஓடியபோது பரங்கிப்பேட்டைக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. சரக்கு இனித் துறைக்குப் போகவில்லை; நிலையத்துக்குப் போயிற்று; அங்கிருந்து சென்னைக்குப் போயிற்று. பாய்க்கப்பல் சில காலம் இலங்கைக்கும் பினாங்குக்கும் அரிசி ஏற்றிக்கொண்டு போய் வந்தது. பிறகு அதுவும் குறைந்தது. தாழை ஓலையிலே பாய் முடையும் கைத்தொழில் ஒன்று மிஞ்சியது.

இங்கே நமக்கு நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். தொழுதூரிலே தடுத்தோம், பெலாந்துறையிலே தடுத்தோம், சேத்தியாத்தோப்பிலே தடுத்தோம். ஆற்றுநீரை வயலுக்குத் திருப்பினோம். கடலுக்குப் போகும் நீர் குறைந்தால் முகத்துவாரத்து மணலைத் தள்ளும் வேகமும் குறையும். அப்படியானால் துறைமுகம் சாக உழவனும் காரணமா? அப்படிச் சொல்ல நாம் ஒப்பமாட்டோம். நெல் விளைந்தது, கரும்பு விளைந்தது, சேத்தியாத்தோப்பிலே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எழுந்தது. நீரைத் திருப்பியது சரி. நீரைத் திருப்பிய அரசு, அதனால் முகத்துவாரத்திலே என்ன ஆகும் என்று எண்ணி அங்கே தூர் எடுக்க ஏற்பாடு செய்ததா என்பதுதான் கேள்வி. அணை கட்டியவர் கணக்கு அணையோடு முடிந்தது. ஆறு அணையோடு முடியவில்லையே!

இப்போது கடலோரத்துக் கதையிலிருந்து சேலத்துக்கு ஒரு தாவல். காரணத்தோடுதான்.

1967 சூலைத் திங்களில், ஆட்சிப் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே, பேரறிஞர் அண்ணா எழுச்சி நாள் கொண்டாடச் சொன்னார். எதற்கு? சேலத்திலே உருக்காலை வேண்டும். தூத்துக்குடித் துறைமுகமும் சேதுக் கால்வாயும் வேண்டும். 1830-இல் ஓர் ஆங்கிலேயன் சேலத்துக் கல்லிலே இரும்பு காய்ச்சிக் காட்டிவிட்டான். 1967-இல் அதே சேலத்துக்கு ஓர் ஆலை கேட்டுத் தமிழர் தெருவிலே ஊர்வலம் போகவேண்டியிருந்தது! 1970 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1981-இல் உற்பத்தி தொடங்கியது. அதுவும் எப்படி? கஞ்சமலைக் கல்லைக் காய்ச்சும் ஊதுலையாக அன்று; வெளியிலிருந்து வரும் எஃகை வாங்கித் தகடாக உருட்டும் ஆலையாக. சேதுக் கால்வாயோ 2005-இல் தொடங்கப்பட்டு, 2007-இல் இராமன் கட்டிய பாலம் என்ற கூக்குரலிலே நின்றது. நின்றது நின்றபடியே.

இரும்பும் துறைமுகமும் ஒரே கோரிக்கையிலே சேர்ந்து வந்தது தற்செயல் என்று நினைக்கிறீர்களா? கல் ஓரிடத்தில், உலை ஓரிடத்தில், கப்பல் ஓரிடத்தில் என்றிருந்ததைச் சேர்த்துப் பார்க்கின்ற கண் அண்ணாவுக்கு இருந்தது. அந்தக் கண்ணுக்கு அதிகாரமும் இருந்திருக்க வேண்டும். அதிகாரம் டில்லியிலே இருந்தது.

இன்றைய நிலை என்ன? தமிழ்நாட்டின் சிறு துறைமுகங்களின் பட்டியலிலே பரங்கிப்பேட்டையின் பெயர் இருக்கிறது. வியக்காதீர்கள்! ஒரு தனியார் அனல் மின்நிலையத்தின் சொந்தப் பயனுக்கான துறையாக அது எழுதப்பட்டிருக்கிறது. அந்த மின்நிலையம் 600 மெகாவாட் அலகுகள் இரண்டோடு 2015-க்குப் பின் இயங்கத் தொடங்கியது. துறை எழவில்லை. நிலக்கரி காரைக்கால் துறைமுகத்திலே இறக்கப்பட்டு இரயிலேறி வந்தது. கடலோரத்தில் உலை, கப்பல் வேறோர் ஊரில்! ஹீத் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்.

அந்தப் பட்டியலை எழுதுகிற கை யாருடையது என்பதிலேதான் இப்போதைய வழக்கு. அரசியல் சட்டத்திலே பெருந்துறைமுகங்கள் ஒன்றியத்தின் பட்டியலில் உள்ளன, மற்றவை பொதுப்பட்டியலில். 1908-ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டப்படி சிறு துறைமுகங்கள் மாநில அரசின் பொறுப்பிலே இருந்து வந்தன. வெள்ளைக்காரன் செய்த சட்டத்திலே மாநிலத்துக்கு இருந்த இடம் அது! 2021-இல் ஒன்றிய அரசு புதிய வரைவு ஒன்றைக் கொண்டு வந்தபோது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கடற்கரை மாநிலங்களின் முதலமைச்சர்களுக்கு மடல் எழுதி, சிறு துறைமுகங்கள்மீதான மாநில உரிமை பறிபோகும் என்று எச்சரித்தார். 2025-இல் இந்தியத் துறைமுகச் சட்டம் நிறைவேறிவிட்டது. 1997 முதல் ஆலோசனை மன்றமாக இருந்த கடல்சார் மாநில வளர்ச்சிக் குழு, ஒன்றிய அமைச்சரின் தலைமையோடு, அந்தச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மாநிலக் கடல்சார் வாரியங்களுக்கும் சட்டத்தில் இடமுண்டு என்று ஆறுதல் சொல்கிறார்கள். இடம் இருக்கிறது, எந்த நாற்காலி, தலைமை நாற்காலியா, வாயிலோர முக்காலியா என்பதல்லவா கேள்வி? செஞ்சியிலே முடிவெடுத்தபோதும், இலண்டனிலே முடிவெடுத்தபோதும் இந்த ஊர் என்ன ஆயிற்று என்று பார்த்தோம். அன்னங்கோயில் மீனவனுக்கு முகத்துவாரத்திலே எத்தனை அடி ஆழம் வேண்டும் என்பதை டில்லியிலே எண்ணுவார்களா?

அந்த மீனவனுக்கு வேண்டியது பெரிய கப்பல் அன்று. விடியலிலே கடலுக்குப் போன படகு, பிடித்த மீனோடு மணல் திட்டிலே தட்டாமல் கரைக்கு வரவேண்டும். அன்னங்கோயிலும் முடசலோடையும் அதைத்தான் ஆண்டுதோறும் கேட்கின்றன. உழவனுக்கு வேண்டியது இன்னொன்று: கோடையிலே கடல்நீர் வெள்ளாற்றுக்குள் ஏறி நிலத்தடி நீரை உப்பாக்குகிறது, கழிமுகத்துக்கு மேலே ஒரு தடுப்பணை வேண்டும். மீனவன் ஆற்றின் வாயைத் திற என்கிறான்; உழவன் கடலின் வாயை அடை என்கிறான். ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும், முரணில்லை. முகத்துவாரத்தைத் தூர் எடுப்பதும் மேலே தடுப்பணை கட்டுவதும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகள். வெள்ளாற்றைத் தொழுதூரிலிருந்து பரங்கிப்பேட்டை வரை ஒரே ஆறாகப் பார்ப்பவர்க்கே அது தெரியும். பொதுப்பணித்துறை ஒரு கோப்பு, மீன்வளத்துறை ஒரு கோப்பு, கடல்சார் வாரியம் ஒரு கோப்பு என்று பிரித்து வைத்திருப்பவர்க்குத் தெரியாது.

கடல்வாழ் உயிர்களை ஆராயும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயராய்வு மையம் அந்த ஊரிலேயே இருக்கிறது. ஆற்று முகத்தின் ஆழமும் உப்பும் ஓட்டமும் அறிந்த அறிஞர்கள் அங்கே பல்லாண்டாக ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களையும், அன்னங்கோயில் மீனவர் பஞ்சாயத்தையும், சேத்தியாத்தோப்பு, புவனகிரிப் பாசன உழவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, கோட்டையிலே யார் அமர்ந்திருந்தாலும் அவர்கள் முன் ஒரே கோரிக்கையாக வைக்கவேண்டும். முகத்துவாரத்தைத் தூர் எடுக்க நிலையான ஏற்பாடு, வெள்ளாற்றிலே தடுப்பணை, ஹீத்தின் உலை எரிந்த இடத்திலே அடையாளமாக ஒரு கல். அடுத்த நிதிநிலை அறிக்கை வருவதற்குள் அந்த மேசையைப் போடவேண்டும்.